கொலுசு இறுகும் நேரம்

சித்தி வேலை முடிந்து வந்ததும் முதலில் கொலுசைத்தான் கழற்றுவார். வாசற்படியில் உட்கார்ந்து, திருகாணியை விரலால் தடவித் தேடி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவார். காலையில் போட்டுக்கொண்டு போகும்போது கணுக்காலில் லொடலொடவென்று ஆடிய கொலுசு, ராத்திரி ஒன்பதரைக்குச் சதைக்குள் புதைந்து கிடக்கும். கழற்றிய பிறகு அதன் அச்சு முத்து முத்தாகத் தோலில் பதிந்திருக்கும். சின்ன வயதில் எனக்கு அது கோலம் போட்ட மாதிரி அழகாகத் தெரிந்தது. விரலால் அழுத்தினால் குழி விழும். அந்தக் குழி மெல்ல மெல்ல எழும்பி வரும். அதை ஒரு விளையாட்டாகவே செய்திருக்கிறேன். "இன்னும் கொஞ்சம் அழுத்துடி, நல்லா இருக்கு" என்று சித்தியும் காலை நீட்டுவார்.

எங்கள் ஊரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில், சேலைப் பிரிவில் அவருக்கு வேலை. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. உட்கார எதுவும் இல்லை, அவ்வளவுதான். பதினோரு வருஷம் நின்றார். நாற்பது வயதில் இடது காலின் உள்பக்கம், கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு புண் வந்தது. அது ஆற எட்டு மாதம் ஆனது. முதல் நாலு மாதம் களிம்பு, பத்து, மந்திரிப்பு என்று போனது. அப்புறம்தான் ஒரு மருத்துவர் புண்ணை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தார். "எத்தனை மணி நேரம் நிற்கிறீங்கம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கும் அந்தப் புண்ணுக்கும் என்ன தொடர்பு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் அன்று புரியவில்லை. புரிந்திருந்தால் பதினோரு வருஷத்தில் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம்.

இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் இறங்குவது சுலபம். இதயம் தள்ளுகிறது, பூமியும் இழுக்கிறது. திரும்ப மேலே ஏறுவதுதான் பாடு. நிற்கிற ஒருவரின் கணுக்காலுக்கும் இதயத்துக்கும் ஏறக்குறைய நாலடி உயரம். அந்த நாலடி ரத்தத்தின் கனமும் கணுக்காலில் இருக்கும் சிரையின்மேல், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாயின்மேல், இறங்கி நிற்கிறது. அசையாமல் நிற்கும்போது அங்கே அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். அங்கிருந்து பத்து அடி எடுத்து வைத்து நடந்தால், நல்ல காலாக இருக்கும் பட்சத்தில், அது 25க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். உயரம் மாறவில்லை, ரத்தத்தின் கனமும் குறையவில்லை. இடையில் வேலை செய்தது கெண்டைக்கால்.

கெண்டை மீனின் வயிறு மாதிரி புடைத்திருப்பதால் இந்தப் பெயர் என்பார்கள். ஆடுசதை என்றும் சொல்வதுண்டு. பார்வைக்கு ஒரே சதையாகத் தெரிந்தாலும் உள்ளே முக்கியமாக இரண்டு இருக்கின்றன. மேலே இரண்டு கூறாகப் பிரிந்து உருண்டு தெரிவது ஒன்று. ஓடவும் குதிக்கவும் அதுதான் பலம். அதற்கு அடியில் தட்டையாகப் படுத்திருப்பது இன்னொன்று. நிற்கும்போதும் நடக்கும்போதும் சளைக்காமல் உழைப்பது இதுதான். இரண்டும் கீழே ஒன்றாகி, குதிகாலின் பின்னால் கயிறு போல இறங்கி எலும்பைப் பிடிக்கின்றன. இந்தச் சதைகளுக்கு நடுவில் அகலமான சிரைகள் ரத்தத்தைத் தேக்கி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு முறை குதிகால் தரையை விட்டு எழும்போதும் சதை இறுகி, அந்தச் சிரைகளை ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி பிழிகிறது. ரத்தம் மேலே பீறிடுகிறது. மருத்துவர்கள் கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று சொல்வது இதனால்தான். முதல் இதயம் நாம் சொல்லாமலே துடிக்கும். இந்த இரண்டாவது இதயம் நாம் அடியெடுத்து வைத்தால்தான் துடிக்கும்.

பிழிந்த ரத்தம் மறுபடி கீழே விழாமல் பிடித்து வைப்பது யார்? கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. உறிஞ்சு குழாயின் அடியில் ஃபுட்வால்வு என்று ஒன்று மாட்டியிருப்பார்கள். தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. அது தேய்ந்துவிட்டால் குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். மோட்டார் வெறுமனே உறுமும். காலின் சிரைகளில் இப்படிப்பட்ட வால்வுகள் வழிநெடுக இருக்கின்றன. மெல்லிய ஜவ்வில் செய்த இரட்டைக் கதவுகள். ரத்தம் மேலே போனால் திறக்கும், இறங்கப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்ளும். நாலடி உயரக் கனத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தாங்குவது இந்தக் கதவுகள்தான்.

இவற்றை விளக்கமாக வரைந்து 1603ல் வெளியிட்டவர் இத்தாலியின் பதுவா நகரத்து உடற்கூறு ஆசிரியர் ஃபாப்ரீசியஸ். ரத்தம் வேகமாக இறங்கிக் காலில் தேங்கிவிடாமல் தடுப்பதுதான் இவற்றின் வேலை என்று அவர் நினைத்தார். அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி அதே கதவுகளைப் பார்த்து, இவை ஒரு திசையில்தான் திறக்கின்றன, அப்படியானால் சிரையில் ரத்தம் இதயத்தை நோக்கித்தான் போயாக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். 1628ல் ரத்த ஓட்டத்தை அவர் உலகுக்கு எடுத்துச் சொன்னபோது இந்தக் கதவுகள் அவருக்கு முக்கியமான சாட்சி.

மணிக்கணக்கில் அசையாமல் நின்றால், பிழிகிற சதைக்கு வேலை இல்லை. ரத்தம் சேர்ந்துகொண்டே போகும். சிரை ரப்பர் போல விரியும். விரிந்த சிரையில் கதவின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொட முடியாது. ஒரு கதவு ஒழுகினால் அதன் பாரம் கீழே இருக்கும் கதவின் தலையில் விழும்; கொஞ்ச நாளில் அதுவும் விட்டுக்கொடுக்கும். சதைக்குள் இருக்கும் சிரைக்காவது சுற்றிலும் பிடிமானம் உண்டு. தோலுக்கடியில் ஓடும் சிரைக்கு அதுவும் இல்லை. உள்கணுக்காலில் தொடங்கித் தொடை இடுக்கு வரை ஏறும் நீளமான சிரை ஒன்று இருக்கிறது. உடம்பிலேயே நீளமான சிரை அதுதான். அதன் கிளைகளோடு அது புடைத்து, நீண்டு, போக இடமில்லாமல் சுருண்டு நிற்பதைத்தான் வெரிகோஸ் வெயின் என்கிறோம்.

நம் பேச்சில் இதற்கு "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்றுதான் பெயர். கையில் ஊசி போடும்போதும் "நரம்பு கிடைக்கலை" என்கிறோம். மூளையிலிருந்து செய்தி கொண்டுபோவதும் நரம்பு, ரத்தம் ஓடுவதும் நரம்பு. பேச்சு வழக்கைக் குறை சொல்ல முடியாது, அது காலங்காலமாக வருவது. ஆனால் இந்த ஒரு சொல்லால் எத்தனை பேர் நரம்புக்குச் சத்து மாத்திரை என்று வாங்கி விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. சித்தியும் இரண்டு வருஷம் அதைத்தான் விழுங்கினார். ஒழுகும் ஃபுட்வால்வுக்கு மோட்டாரின் ஒயரை மாற்றிப் பயனில்லை.

நோய் ஒரே நாளில் வருவதில்லை, அதனால்தான் யாரும் அதை நோயாக எடுத்துக்கொள்வதும் இல்லை. முதலில் சாயங்காலமானால் கால் கனக்கும். கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். கணுக்கால் வீங்கும், விடிந்தால் வடிந்துவிடும். நடுராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுத்து ஆளை எழுப்பிவிடும். அப்புறம் அரிப்பு. பிறகு பச்சையும் நீலமுமாகக் கொடி ஓட ஆரம்பிக்கும். ஆண்டுகள் போகப் போக, தேங்கிய ரத்தத்தின் சிவப்பணுக்கள் மெல்லிய நாளங்களை விட்டுக் கசிந்து, அவற்றிலுள்ள இரும்புச்சத்து தோலுக்கடியில் தங்கிவிடும். கணுக்காலைச் சுற்றிக் காவியும் கருப்புமாகப் படர்வது அதுதான். குளிக்கும்போது சித்தி அதைப் பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார், அழுக்கு என்று நினைத்து. அந்த இடத்தில் தோல் ஏற்கெனவே பலம் இழந்திருக்கும். சின்னக் கீறலோ கொசுக்கடியைச் சொறிந்ததோ போதும், புண்ணாகிவிடும். உள்ளே அழுத்தம் குறையாத வரை எந்தக் களிம்பு போட்டாலும் அது ஆறாது. சித்தியின் புண்ணை ஆற்றியது பாதத்திலிருந்து முழங்கால் வரை அடுக்கடுக்காக இறுக்கிச் சுற்றிய கட்டும், தலையணை அடுக்கிக் காலைத் தூக்கி வைத்துப் படுத்ததும்தான்.

எல்லா வீக்கமும் இதுதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் சிறுநீரகம், இதயம், கல்லீரல் என்று பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. யானைக்கால் கொசுவால் பரவும் புழுவால் வருவது; அது நிணநீர்ப் பாதையைக் கெடுக்கிறது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் உள்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடக் கூடாது. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். புடைத்த சிரை உடைந்து ரத்தம் பீய்ச்சினால் பார்க்கப் பயமாக இருக்கும். செய்ய வேண்டியது எளிது: ஆளைப் படுக்க வைத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். உட்கார வைத்தோ நிற்க வைத்தோ தூக்கிக்கொண்டு ஓடினால்தான் ரத்தம் நிற்காது.

இவ்வளவு மெதுவாக, இவ்வளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரும் நோயை ஏன் இவ்வளவு தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம்? ஏனென்றால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. பெண்ணின் பாதத்தை நம் வழக்கம் கொண்டாடுகிறது. நலங்கு வைக்கிறோம், மருதாணி இடுகிறோம், மெட்டி போடுகிறோம், கொலுசு பூட்டுகிறோம். கணுக்காலுக்கு மேலே சேலை தொடங்கிவிடும். அங்கிருந்து முழங்கால் வரை உள்ள இடத்தை, சொந்த வீட்டு ஆட்கள்கூடப் பார்ப்பதில்லை. சித்தியின் காலில் கொடி ஓடியது சித்தப்பாவுக்கு எத்தனை வருஷம் கழித்துத் தெரிந்தது என்று எனக்கே தெரியாது. மருத்துவரிடம் போன முதல் முறை சேலையைக் கொலுசு வரைக்கும்தான் தூக்கினார். இந்த நோயைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் நோயாளி நிற்க வேண்டும், தொடை வரை கால் தெரிய வேண்டும். நின்று பார்த்தால்தான் சிரை நிரம்பும். அன்று அறையில் ஆண் மருத்துவர் மட்டும் இருந்தார். சித்தி கூச்சப்பட்டார், அவரும் வற்புறுத்தவில்லை. களிம்புச் சீட்டோடு வீட்டுக்கு வந்தோம். ஒரு நர்ஸ் அக்கா கூட நின்றிருந்தால் கதையே மாறியிருக்கும்.

ஆண்களுக்கு நேரெதிர். பரோட்டாக் கல்லின் முன்னால் லுங்கியை மடித்துக் கட்டி நிற்கும் மாஸ்டரின் காலில் கொடி பின்னிக் கிடப்பதைத் தெருவே பார்க்கிறது. முடிதிருத்துபவர், இஸ்திரி போடுபவர், நாற்சந்தியில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், எல்லோருக்கும் உண்டு. ஆனால் அதற்கு "உழைச்ச காலு" என்று பெயர். தழும்பு மாதிரி, மீசை மாதிரி, அது ஒரு கௌரவம். ரோமானியத் தளபதி மாரியுஸைப் பற்றி ஒரு பழைய செய்தி உண்டு. இரண்டு காலிலும் இருந்த சுருள் சிரைகளை அறுத்து எடுக்க ஒத்துக்கொண்டவர், கட்டிப்போட வேண்டாம் என்று சொல்லி முகம் சுளிக்காமல் ஒரு காலைக் கொடுத்தார். இரண்டாவது காலுக்கு மருத்துவர் வந்தபோது வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பட்ட வலிக்குக் கிடைத்த பலன் போதாது என்பது அவர் கணக்கு. பெண் வெட்கத்தாலும் ஆண் வீம்பாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அழகு நிலைய விளம்பரங்களில் வழவழவென்று ஒரு கால், "சிலந்தி நரம்புகளை லேசரால் நீக்குகிறோம்" என்று ஒரு வரி. சிலந்தி வலை மாதிரி தோலில் தெரியும் மெல்லிய சிவப்பு நீலக் கோடுகள் பெரும்பாலும் தொந்தரவே செய்யாதவை. அவற்றுக்காகக் கல்லூரிப் பெண்கள் கவலைப்பட்டுப் பணம் கட்டுகிறார்கள். புண் வரைக்கும் போகக்கூடிய காலோடு கடைப் பெண்கள் நிற்கிறார்கள். காலை அழகுப் பொருளாக மட்டும் பேசிப் பேசி, அது ரத்தத்தை ஏற்றுகிற எந்திரம் என்பதையே மறக்க வைத்துவிட்டோம்.

நிற்பதால் மட்டுமே இந்த நோய் வருகிறது என்று சொன்னால் அது நேர்மை ஆகாது. குடும்ப வழியாக வருகிறது. என் பாட்டிக்கும் இருந்தது, அவர் கடையில் நின்றவர் இல்லை. வயது, உடல் எடை, பிள்ளைப்பேறு எல்லாம் சேரும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, சுரப்புநீர்கள் சிரையின் சுவரைத் தளர்த்துகின்றன, வளரும் கருப்பை வயிற்றுக்குள் இருக்கும் சிரைகளை அழுத்துகிறது. ஆனால் நிற்பது இந்த எல்லாக் காரணங்களின் மேலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. டென்மார்க்கில் 20 முதல் 59 வயது வரை உள்ளவர்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2005ல் வெளியானது. வேலை நேரத்தில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ காலிலேயே இருந்த பெண்கள் இந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்வது மற்றவர்களைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு. குளிர் நாட்டுக் கணக்கு இது. வெயிலில் சிரைகள் இன்னும் விரியும் என்பதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் உட்கார்ந்தே இருப்பது நல்லதா என்றால், அதுவும் இல்லை. லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953ல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் உடற்பயிற்சி பற்றிய பேச்சுக்கெல்லாம் மூலக்கல். இரண்டு தளம் கொண்ட ஒரே பேருந்தில் ஒரே சம்பள வர்க்கத்து இரண்டு பேர். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்குகிறார், ஒரு நாளைக்கு 500க்கும் மேற்பட்ட படிகள். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அவர்களும் காலில் இருந்தவர்கள்தான். ஆனால் அவர்களின் கெண்டைக்கால் துடித்துக்கொண்டே இருந்தது.

நிற்பதையும் நடப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அரண்மனைக் காவலில் ஆடாமல் அசையாமல் நிற்கும் இளம் சிப்பாய்கள் அணிவகுப்பில் மயங்கி விழுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். திடகாத்திரமான ஆட்கள். ரத்தம் காலில் தேங்கி, மூளைக்குப் போவது குறைந்து விழுகிறார்கள். ஐடி அலுவலகங்களில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் மேசை இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது, உட்கார்ந்தே இருப்பது கெடுதல் என்று. நல்லதுதான். ஆனால் அந்த மேசைக்காரர் நினைத்த நேரத்தில் உட்காரலாம், எழுந்து போய் டீ குடிக்கலாம். கவுண்டருக்குப் பின்னால் இரண்டடி இடத்தில் பதினோரு மணி நேரம் நிற்பவருக்கு அந்த இரண்டுமே இல்லை.

சரி, ஜவுளி விற்க நின்றுதான் ஆக வேண்டுமா? காஞ்சிபுரத்திலும் கும்பகோணத்திலும் பழைய பாணிப் பட்டுக் கடைகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். தரை முழுக்க மெத்தை, அதன்மேல் வெள்ளை விரிப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார வேண்டும். எதிரே விற்பவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். சேலையை மடியில் வாங்கி, முந்தானையை ஒரே உதறலில் விரித்துப் போடுவார். வாங்குபவரும் விற்பவரும் ஒரே தரையில், ஒரே உயரத்தில். பேரம் முடிகிற வரை இரண்டு பேரும் எழ மாட்டார்கள். பத்தர் உட்கார்ந்துதான் நகை செய்தார், தையல்காரர் உட்கார்ந்துதான் தைத்தார். கண்ணாடிக் கவுண்டரும் அடுக்குமாடி ஷோரூமும் வந்தபோதுதான் விற்பவரை எழுப்பி நிற்க வைத்தார்கள். ஆகவே நிற்பது நம் வியாபாரத்தின் மரபு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் வேறொரு மரபு உள்ளே இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நம்மிடம் உட்காருவது உரிமை, நிற்பது பணிவு. பெரியவர் வந்தால் எழுந்து நிற்கிறோம். "கல்லாவில் உட்கார்ந்துட்டான்" என்றால் முதலாளி ஆகிவிட்டான் என்று பொருள். "கைகட்டி நிற்கிறான்" என்றால் என்ன பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை. 2020ல் கடலூர் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தலித் பெண்ணை, கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தரையில் உட்கார வைத்த படம் நாடெங்கும் பேசப்பட்டது. யார் எதில் உட்காரலாம் என்பதை நாம் எவ்வளவு கூர்மையாகக் கணக்கு வைத்திருக்கிறோம்! கடைக்கு வந்தவர் கண்ணில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் பட்டால் மரியாதைக் குறைவு என்று மேலாளர் நினைப்பது அந்தக் கணக்கின் தொடர்ச்சிதான். கடையில் கூட்டமே இல்லாத பிற்பகல் மூன்று மணிக்கும் நிற்க வைப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வாங்கப் போகும் நமக்கும் இதில் பங்குண்டு. நாம் உள்ளே நுழையும்போது அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை என்றால் நம் முகம் மாறுகிறதா இல்லையா?

கடைப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி என்பதற்காகச் சட்டம் போட வேண்டிய நிலை நமக்கு மட்டும் வந்ததில்லை. இங்கிலாந்தில் 1899ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது: கடைகளில் மூன்று பெண் ஊழியர்களுக்கு ஒரு இருக்கையாவது இருக்க வேண்டும். இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44ஆம் பிரிவில், நின்றுகொண்டு வேலை செய்பவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இடம் கேட்டது. ஆனால் அது தொழிற்சாலைக்கு. கடை வேறு கணக்கில் விடுபட்டுப்போனது, எழுபது ஆண்டுகள்.

அந்த இடைவெளியை அடைத்தது கோழிக்கோட்டுப் பெண்கள். மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்தவர்கள் முதலில் கேட்டது நாற்காலிகூட இல்லை, கழிப்பறை. போக இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டினார்கள். தையல் வேலை பார்த்த விஜி என்பவர் முன்னின்று பெண்கூட்டு என்ற அமைப்பைக் கட்டினார். கழிப்பறையிலிருந்து பேச்சு நாற்காலிக்கு வந்தது. 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக் கடையின் பெண்கள் வாசலில் உட்கார்ந்து தொடங்கிய போராட்டம் நூறு நாளைத் தாண்டியது. அதற்கு அவர்கள் வைத்த பெயரே "இரிக்கல் சமரம்", உட்காரும் போராட்டம். 2018ல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு பிபிசி வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டப்பேரவையில் கொண்டுவந்த திருத்தம், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்துகொள்ள ஏதுவாக ஒவ்வொரு நிறுவனமும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஆண், பெண் வேறுபாடு இல்லை. அந்தச் செய்தியை நான் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எல்லாருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

சட்டம் ஸ்டூலைக் கொண்டுவரும். அதில் உட்கார விடுவது வேறு. பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதன்மேல் அட்டைப்பெட்டி இருக்கிறது. விற்பனை இலக்கு எட்டாத நாளில் யாரும் உட்காரத் துணிவதில்லை. இதைக் கண்காணிக்க வேண்டிய ஆய்வாளர் பகலில் வருவார். கால் கடுப்பது ராத்திரி எட்டு மணிக்கு.

நிற்க வேண்டியவர்கள் தாங்களாகவே செய்யக்கூடியவை சில உண்டு, அவற்றுக்குக் காசு வேண்டாம். இரண்டு குதிகாலையும் மெதுவாகத் தூக்கி, முன்பாதத்தில் நின்று, மெதுவாக இறக்குங்கள். இருபது தடவை. ஒவ்வொரு முறையும் கெண்டைக்கால் ஒரு பிழி பிழிகிறது. சேலைக்குள் செய்தால் யாருக்கும் தெரியாது. ஜிம்முக்குப் போகும் தம்பிகள் நெஞ்சுக்கும் கைக்கும் உழைத்துவிட்டுக் காலை விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கும் இதையே சொல்வேன். ஒரு காலை ஏதாவது பலகைமேல் வைத்து, கால் மாற்றி மாற்றி நிற்கலாம். வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலைச் சாய்த்து, இதயத்துக்கு மேலே இருக்கும்படி கால் மணி நேரம் படுக்கலாம். கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் செங்கல் வைப்பது பழைய வைத்தியம், நல்ல வைத்தியம்.

இறுக்கமான மருத்துவக் காலுறை நன்றாக வேலை செய்யும், காலையில் வீக்கம் வருவதற்கு முன்பே போட்டுக்கொண்டால். நம் ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது தண்டனைதான், அதை மறைக்க வேண்டாம். சர்க்கரை நோய் இருப்பவர்களும், நடந்தால் கால் வலிப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் ஏற்கெனவே ஓட்டம் குறைந்திருந்தால் இறுக்கம் காலுக்கே கெடுதலாகும். ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் எந்த வால்வு ஒழுகுகிறது என்று வலியில்லாமல் பார்த்துவிடலாம். கெட்ட சிரையை உள்ளிருந்தே லேசராலோ ரேடியோ அலையாலோ சூடாக்கி மூடிவிடுகிறார்கள், நுரை மருந்து செலுத்தியும் மூடுகிறார்கள். மூடினால் ரத்தம் எப்படிப் போகும் என்று சித்தி பயந்தார். உள்சிரைகள் பார்த்துக்கொள்ளும், மூடியது ஏற்கெனவே வேலை செய்யாத வழி. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்குத் தனித்துறையே இருக்கிறது. இதையெல்லாம் செய்துகொண்டு மறுபடி பதினோரு மணி நேரம் நின்றால், மிச்சமிருக்கும் சிரைகள் அதே வழியில் போகும்.

போன தீபாவளிக்குச் சித்திக்குச் சேலை எடுக்க நானும் அவரும் போனோம். மூன்றாவது மாடி. இருபது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. சேலைகளை எடுத்துப் போட்டுக்கொண்டே வலது காலைத் தூக்கி இடது காலின் பின்னால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சித்தி சேலையைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் போட்டிருந்த இரண்டு ஸ்டூலில் தன்னுடையதை எடுத்துக் கவுண்டரைச் சுற்றிக் கொண்டுபோய் வைத்து, "உக்காரும்மா, உக்காந்துகிட்டே காட்டு, நான் நின்னு பாத்துக்கிறேன்" என்றார்.

அவள் சிரித்தாள். கையிலிருந்த சேலையை விடவில்லை. கண்ணை மட்டும் மேலே கூரைப் பக்கம் ஓட்டி, குரலைத் தாழ்த்தி, "கேமரா இருக்கு அம்மா" என்றாள்.